விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்றால் மடிக்கணினியும் முடிந்துவிட்டதா?

உப்புவெளியிலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ள கேள்வியின் சாரம் இது. வீட்டில் 2017ஆம் ஆண்டு வாங்கிய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. இன்டெல் ஐ5 ஏழாம் தலைமுறை, 4 ஜிபி நினைவகம், 1 டிபி வன்தட்டு, விண்டோஸ் 10. மகள் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறார். கணவர் கோயில் பரிபாலன சபையின் கடிதங்களைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறார். வங்கிக் கொடுக்கல் வாங்கலும் அதிலேதான் நடக்கிறது. நகரத்திலுள்ள கடையொன்றில் ‘இதற்கு இனி விண்டோஸ் வராது, பழையதை விலை போட்டு எடுக்கிறோம், புதிது ஒன்றை எடுங்கள்’ என்கிறார்கள். கொழும்பிலிருக்கும் தம்பியின் மகன், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடச் சொல்கிறான். இணையத்தில் வாசிப்பவையோ ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. எதைச் செய்வது?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இப்போது புதிது வாங்க வேண்டாம். ஆனால் லினக்ஸா, விண்டோஸா என்று யோசிப்பதற்கு முன்னர், உங்கள் மடிக்கணினிக்குக் கடைசியாகப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் வந்தது எப்போது என்பதைப் பாருங்கள். திருகோணமலையில் என் மேசைக்கு வரும் பழைய கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் திகதி 2025 ஒக்டோபருக்கு வெகுகாலம் முன்னரே கடந்துபோயிருக்கிறது. மைக்ரோசொப்ட் நிறுத்துவதற்கு முன்பே நாங்களே நிறுத்திவிட்டோம்.

2015 ஜூலை 29இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. அந்த நாளுக்குப் பிறகு கணினி நின்றுபோகாது, கோப்புகள் அழியாது, எவரும் தொலைவிலிருந்து அதைப் பூட்டப்போவதில்லை. நின்றுபோனது ஒன்றே ஒன்றுதான். விண்டோஸில் ஓட்டையொன்று கண்டுபிடிக்கப்படும்போது அதை அடைக்கும் மாதாந்தத் திருத்தம் இனிச் சும்மா வராது. மைக்ரோசொப்டின் சொந்த வைரஸ் தடுப்பான டிபெண்டர் புதிய தீநிரல்களை அடையாளம் காணும் தரவுகளை 2028 ஒக்டோபர் வரை பெற்றுக்கொண்டிருக்கும். எட்ஜ் உலாவிக்கும் குறைந்தது அதே காலம் வரை இற்றைப்படுத்தல்கள் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஆகவே ‘செத்துவிட்டது’ என்று கடைக்காரர் சொல்வது வியாபாரப் பேச்சு. வீட்டுக் கதவும் யன்னலும் நன்றாகத்தான் இருக்கின்றன. கூரையில் புதிதாக ஓடு உடைந்தால் மாற்றித்தர ஆளில்லை, அவ்வளவே.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நின்று, ‘நான் இன்னும் விண்டோஸ் 7தான் பாவிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று மார்தட்டுபவர்களும் உண்டு. அவர்களுக்கு 2017 மே மாதத்தை நினைவூட்டலாம். வன்னாகிரை என்னும் பணயத் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டி, திறப்பதற்குப் பணம் கேட்டது. பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போடப்பட்டன. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் அவ்வாண்டு மார்ச் 14இலேயே வெளியிட்டிருந்தது. அகப்பட்டவற்றில் மிகப்பெரும்பாலானவை ஆதரவு முடிந்திருந்த எக்ஸ்பி கணினிகள் என்றே அப்போது பலரும் நினைத்தார்கள். உண்மையில் அவை அன்றைக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருந்த விண்டோஸ் 7 கணினிகள். இரண்டு மாதமாகத் திருத்தம் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது, போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை. எங்கள் ஊர்க் கணினிகளைப் பார்க்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது இந்தச் சம்பவம்தான்.

ஏன் அப்படி ஆகிறது என்பதற்குக் காரணங்கள் உண்டு. ரௌட்டரில் டேட்டா அளந்து பாவிக்கும் வீடுகளில் ‘மீட்டர்ட் கனெக்‌ஷன்’ என்ற தெரிவை யாரோ ஒருமுறை போட்டுவிட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு பெரிய இற்றைப்படுத்தல்கள் தாமாக இறங்குவதில்லை. பழைய வன்தட்டில் இற்றைப்படுத்தல் ஓடும்போது கணினி அரைமணி நேரம் அசையாமல் நிற்பதால், சூம் வகுப்பு நடக்கும் வேளையில் எரிச்சலடைந்து அதை முற்றாக நிறுத்தச் சொல்லிக் கடையில் கேட்டிருப்பார்கள். மூன்றாவது காரணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம். கடையில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாவுக்கு ‘விண்டோஸ் அடித்து’ வாங்கும்போது வருவது பெரும்பாலும் கிராக் போட்ட பிரதி, அதாவது உரிமச் சோதனையை ஏமாற்றும் செயலியொன்றைச் சேர்த்த பிரதி. அந்தச் செயலி வேலை செய்ய வேண்டுமானால் முதலில் வைரஸ் தடுப்பை அணைக்க வேண்டும். இற்றைப்படுத்தல் வந்தால் கிராக் கலைந்துவிடும் என்ற அச்சத்தில் அதையும் சேர்த்து அணைத்துவிடுகிறார்கள். இவ்வகைச் செயலிகளில் மிகப் பிரபலமான கேஎம்எஸ்பிகோவின் பெயரில் உலவும் போலி நிறுவிகள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் கிரிப்ட்பொட் என்ற தீநிரலையும் கூடவே இறக்குவதை 2021 டிசம்பரில் ரெட் கெனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் விவரமாக எழுதியது. ஆதரவு முடிந்த அசல் விண்டோஸை விட, ஆதரவில் இருக்கும் கிராக் விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் கணினியில் இரண்டு சோதனைகளை நீங்களே செய்யலாம். விண்டோஸ் விசையுடன் ஆர் விசையை அழுத்தினால் கீழே ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் ‘வின்வெர்’ என்பதை ஆங்கில எழுத்தில், இறுதியில் ஈ-ஆர் வரும்படி தட்டுங்கள். வரும் சாளரத்தில் பதிப்பு 22எச்2 என்றும் பில்ட் 19045 என்றும் இருந்தால் கடைசிப் பதிப்பில் நிற்கிறீர்கள். 2004, 20எச்2 போன்றவை தெரிந்தால் சில ஆண்டுகளாகவே திருத்தங்கள் வரவில்லை என்று பொருள். அடுத்து அதே பெட்டியில் எஸ்-எல்-எம்-ஜி-ஆர் என்ற எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் எக்ஸ்-பி-ஆர் என்பதையும் தட்டுங்கள். நிரந்தரமாகச் செயற்படுத்தப்பட்டுள்ளது என்று வந்தால் பெரும்பாலும் நல்லது. மாறாக, இன்னும் சில மாதங்களில் காலாவதியாகும் ஒரு திகதியைக் காட்டினால் அது 180 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் நிறுவன வகை உரிமம். வீட்டு மடிக்கணினியில் அப்படி ஒன்று இருப்பதற்கு நேர்மையான காரணம் அநேகமாக இருக்க முடியாது.

கிராக் என்று தெரிந்தால் மனம் தளர வேண்டாம். மடிக்கணினி வாங்கும்போதே விண்டோஸுடன் வந்திருந்தால், அதன் அசல் உரிமத் திறவுகோல் தாய்ப்பலகையின் உள்நிரலிலேயே எழுதப்பட்டிருக்கும். மைக்ரோசொப்டின் தளத்திலிருந்து இறக்கிய சுத்தமான பிரதியைப் போட்டு இணையத்துடன் இணைத்தால் அதுவாகவே செயற்படும். எதையும் வாங்கத் தேவையில்லை. கடையில் ‘அடிக்கும்போது’ ஹோம் பதிப்புக்குப் பதிலாக ப்ரோ பதிப்பைப் போட்டுவிடுவதால்தான் பலரின் அசல் உரிமம் பயன்படாமல் உள்ளே உறங்குகிறது. வாங்கும்போதே விண்டோஸ் இல்லாமல், டொஸ் என்று எழுதிக் குறைந்த விலைக்கு வந்த கணினி என்றால் மட்டும் இந்த வழி கிடையாது.

உரிமம் சுத்தமென்றால், மைக்ரோசொப்ட் வீட்டுப் பாவனையாளருக்கு ஒரு வருட நீடிப்புத் திட்டத்தை வைத்திருக்கிறது. 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். புதிய வசதிகள் எவையும் வராது. அதற்கு மூன்று வழிகள் உண்டு: 30 டொலர் செலுத்துவது, மைக்ரோசொப்டின் வெகுமதிப் புள்ளிகள் 1000ஐக் கொடுப்பது, அல்லது கணினியின் அமைப்புகளை ஒன்டிரைவில் காப்பெடுக்க அனுமதித்து இலவசமாகப் பெறுவது. டொலர் 300 ரூபாவை அண்டி நிற்கும் நிலையில் முதலாவது வழிக்கு 9,000 ரூபா அளவில் போகும். ஓர் உரிமத்தை ஒரே கணக்கின் கீழ் 10 கணினிகள் வரை பாவிக்கலாம் என்பதால், சகோதரர்கள் கூடி வாழும் வீடுகளில் அதுகூட நியாயமான செலவே. உங்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வழி. 22எச்2 பதிப்பும் ஒரு மைக்ரோசொப்ட் கணக்கும் இருந்தால் போதும். அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவுசெய்யும் தொடுப்புத் தெரியும். ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி மட்டும். படங்கள், ஆவணங்கள் ஆகிய கோப்புறைகளைக் காப்பிலிருந்து விலக்கிவிட்டு அமைப்புகளை மட்டும் அனுப்பலாம். இல்லையெனில் இடம் நிரம்பிவிட்டது, பணம் கட்டுங்கள் என்று தினமும் தொல்லை கொடுக்கும். ஐரோப்பியப் பொருளாதார வலயத்து மக்களுக்கு இந்தக் காப்பு நிபந்தனையும் இல்லாமல் இலவசமாகக் கொடுத்தார்கள். அங்கே நுகர்வோர் அமைப்புகள் உரத்துக் கேட்டன, கிடைத்தது.

இனி விண்டோஸ் 11. உங்கள் ஐ5 ஏழாம் தலைமுறைச் சில்லுக்கு அது ஏன் மறுக்கப்படுகிறது என்று கேட்பது நியாயமான கேள்வி. 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு, பாதுகாப்பான தொடக்கம், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி (புரோசசர்) என்று நிபந்தனைகள் வைத்தார்கள். ஏழாம் தலைமுறை மடிக்கணினிகள் பலவற்றில் டிபிஎம் 2.0 செயலியின் உள்நிரலாகவே இருக்கிறது. ஆகவே உங்களைத் தடுப்பது பெரும்பாலும் அந்தச் செயலிப் பட்டியல் மட்டுமே. நிபந்தனைக்கு உட்படாத சோதனைக் கணினிகளில் இயங்குதளத்தின் கருவே செயலிழந்து நிற்பது 52 சதவீதம் கூடுதலாக இருந்தது என்று மைக்ரோசொப்ட் அப்போது காரணம் கூறியது. அந்தக் கணக்கில் பத்து வருடப் பழைய கணினியும் நான்கு வருடப் பழையதும் ஒரே கூடையில் போடப்பட்டனவா என்று அவர்கள் பிரித்துக் காட்டவில்லை. பாதுகாப்பு ஒரு காரணம், புதிய கணினி விற்பனை இன்னொரு காரணம் என்பது என் எண்ணம். எது எத்தனை பங்கு என்று வாதாடிப் பயனில்லை.

ரூபஸ் என்ற சிறு மென்பொருளால் நிபந்தனைகளைத் தாண்டி விண்டோஸ் 11ஐ நிறுவலாம். செய்து கொடுத்திருக்கிறேன், ஓடுகிறது. மாதாந்தத் திருத்தங்களும் நடைமுறையில் வருகின்றன. ஆனால் இத்தகைய கணினிகளுக்கு இற்றைப்படுத்தல் பெறும் உரிமை கிடையாது என்று மைக்ரோசொப்ட் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது; ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு தடவையும் கையால் ஏற்ற வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் சரி. மகள் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு யார் செய்வது என்று யோசித்துப் பாருங்கள். மேலும் 4 ஜிபி நினைவகத்திலும் சுழலும் வன்தட்டிலும் விண்டோஸ் 11 என்பது தண்டனை. குறைந்தபட்சத் தேவை 4 ஜிபி என்று அவர்கள் அச்சிட்டிருப்பதை நம்பி இறங்காதீர்கள்.

உண்மையில் உங்கள் கணினியைக் கிழவனாக்கியிருப்பது அந்த வன்தட்டுத்தான். எந்த இயங்குதளத்தைத் தெரிவுசெய்தாலும், முதல் செலவு எஸ்எஸ்டியாக, அதாவது சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகமாக இருக்கட்டும். 2017ஆம் ஆண்டு மடிக்கணினிகளில் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா வகையே பொருந்தும். சிலவற்றில் அதற்கு மேலாக எம்.2 என்ற சிறு பட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான இடமும் காலியாக இருக்கும், கழற்றிப் பார்த்தால் தெரியும். 256 ஜிபி போதும். மின் பொத்தானை அழுத்தி, தேநீர் போட்டுக்கொண்டு வரும்வரை காத்திருக்கும் கணினி அரை நிமிடத்தில் எழும்பும். அடுத்த செலவு நினைவகத்தை 8 ஜிபியாக்குவது. இதில் மட்டும் காலம் சரியில்லை. செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 பிற்பகுதியிலிருந்து உலகெங்கும் விலை ஏறிவிட்டது. 1996 முதல் குருஷியல் என்ற பெயரில் சாதாரண மக்களுக்கு நினைவகம் விற்றுவந்த மைக்ரோன் நிறுவனம், அந்த வியாபாரத்தையே விடுகிறோம் என்று 2025 டிசம்பரில் அறிவித்தது. எஸ்எஸ்டியின் விலையும் இதனால் மேல்நோக்கித்தான் போகிறது. ஆகவே நினைவகத்துக்குப் பாவித்த துண்டு கிடைத்தால் அதையும் பார்க்கலாம். வாங்குமுன் உங்கள் கணினிக்கு டிடிஆர்4 வேண்டுமா, டிடிஆர்3எல் வேண்டுமா என்று பழைய துண்டின் ஒட்டியைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.

கணினியைத் திறக்கும் அன்றே உள்ளே துப்புரவும் செய்யச் சொல்லுங்கள். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கடற்கரையை ஒட்டிய வீடுகளிலிருந்து வருபவற்றைத் திறந்தால், விசிறியின் அலகுகளில் தூசி ஈரத்தோடு சேர்ந்து பாய்போலப் படிந்திருக்கும். நினைவகத் துண்டைக் கழற்றிப் பிடித்தால் பொன்னிறத் தொடுமுனைகள் மங்கியும், அருகிலுள்ள திருகாணித் தலைகளில் துருவும், பற்றரி இணைப்பில் பச்சைக் களிம்பும் தெரியும். கடைக்காரர் ‘போர்ட் போய்விட்டது’ என்று கைவிரித்த இரண்டு, மூன்று கணினிகள் தொடுமுனைகளை ஐசோபுரோபைல் அற்ககோலால் துடைத்த பிறகு எழும்பியிருக்கின்றன. எல்லாம் அப்படி எழும்பும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டுப் பார்ப்பதற்குச் செலவில்லை.

தம்பி மகனின் யோசனைக்கு வருவோம். அவன் சொல்வதில் பிழையில்லை. உங்கள் கணினிக்கு நான் தெரிவுசெய்வது லினக்ஸ் மின்ட் 22இன் எக்ஸ்எப்சிஇ பதிப்பு. இலவசம், 2029 வரை ஆதரவுண்டு, பழைய கணினியில் இலேசாக ஓடும், பார்ப்பதற்கும் பழைய விண்டோஸின் சாயல் இருப்பதால் பழகக் கடினமில்லை. கணினியில் நிறுவாமலே, ஒரு பென் டிரைவிலிருந்து இயக்கி ஒரு மாலை முழுவதும் பாவித்துப் பார்க்கலாம். வைபை, ஒலி, கமரா மூன்றும் வேலை செய்கின்றனவா என்பதை அப்போதே பார்த்துவிடுங்கள். மகளின் பாடத்துக்கும் நல்லது. உயர்தரப் பாடத்திட்டத்தில் உள்ள பைதன் மொழி லினக்ஸில் ஏற்கெனவே நிறுவப்பட்டே வருகிறது. சூமும் உண்டு. எக்செல், வேர்ட் பயிற்சிக்கு லிப்ரே ஒபிஸ் பெரும்பாலும் போதும் என்றாலும், மெனுக்கள் இருக்கும் இடம் வேறு. பாடசாலையில் மைக்ரோசொப்ட் ஒபிஸிலேயே செய்முறை நடக்குமானால் அவருக்கு இது இடைஞ்சலாகப் படலாம்.

கணவரின் பாமினிக் கடிதங்கள்தான் லினக்ஸுக்கு மாறும்போது பலர் அஞ்சும் இடம். அஞ்சத் தேவையில்லை. பாமினி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யுனிகோட் குறியீட்டில் அமைந்த எழுத்துரு அன்று; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. ஆகவே விசைப்பலகையில் எந்த மாற்றமும் செய்யாமல், எழுத்துருக் கோப்பை மட்டும் பிரதி செய்து நிறுவினால், லிப்ரே ஒபிஸில் அதே விரல் பழக்கத்தோடு தட்டச்சுச் செய்யலாம். பழைய கடிதங்களும் திறக்கும். பக்க அமைப்பு ஒரு வரி, இரண்டு வரி நகரலாம், அச்சிடுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரதேச செயலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டி, யுனிகோடில் எழுத நேர்ந்தால், லினக்ஸின் உள்ளீட்டு முறைகளில் தமிழ்99உடன் இலங்கையில் பழக்கத்திலுள்ள ரெங்கநாதன் விசைப்பலகையும் உண்டு. உண்மையான இடையூறு அச்சியந்திரத்தில் வரலாம். எங்கள் பக்கத்தில் கோயில், சங்கம், ரியூசன் என்று எங்கும் காணப்படும் கேனன் எல்பிபி 2900 போன்ற லேசர் அச்சியந்திரங்கள் கேனனுக்கே உரிய ஒரு மொழியில் பேசுபவை. லினக்ஸில் அவற்றை இயக்குவதற்கு மென்பொருள் இருந்தாலும் அது படுத்தும் பாடு சொல்லி முடியாது. எச்பி, எப்சன் அச்சியந்திரங்களில் இந்தத் தொல்லை குறைவு. உங்கள் வீட்டில் இருப்பது எல்பிபி வகை என்றால், அதை ஒரு காரணமாகவே வைத்து விண்டோஸில் நிற்கச் சொல்வேன்.

எனவே உங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது: எஸ்எஸ்டி போட்டு, சுத்தமான அசல் விண்டோஸ் 10ஐ நிறுவி, இலவச நீடிப்பில் பதிவுசெய்து, அதே எஸ்எஸ்டியில் ஒரு பகுதியில் மின்டையும் வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். நீடிப்பு முடியும் நாள் வருவதற்குள் மகளும் கணவரும் எதில் வசதியாக இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். கடிதம் அச்சிட விண்டோஸ், இணையத்துக்கும் வங்கிக்கும் மின்ட் என்று பிரித்துக்கொண்டால், நீடிப்பு முடிந்த பிறகும் விண்டோஸை இணையமின்றி நெடுநாள் பாவிக்கலாம்.

இற்றைப்படுத்தலே கணினியைக் கெடுக்கிறது என்று அஞ்சுபவர்கள் 2024 ஜூலை 19ஐ எடுத்துக்காட்டுவார்கள். அன்று உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையுடன் நின்றது உண்மை. ஆனால் அது கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனம் பெரிய நிறுவனங்களுக்கு விற்கும் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான கோப்பால் வந்தது. வீட்டுக் கணினிகளில் அந்த மென்பொருள் இருப்பதில்லை. வீட்டில் இற்றைப்படுத்தல் கெடுவதற்கு வழக்கமான காரணம், பற்றரி செத்த மடிக்கணினியில் அது ஓடும்போது மின் போவதுதான். பற்றரி கொஞ்ச நேரமாவது தாங்காவிட்டால் அதையும் மாற்றுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நடைமுறையில் தீநிரல் பெரும்பாலும் நுழைவது அந்த வழியாகத்தான். கடிதத்தை அச்சிடவோ போட்டோப் பிரதி எடுக்கவோ கொமியூனிகேசன் கடைக்குப் பென் டிரைவைக் கொண்டுபோய் வருகிறீர்கள் அல்லவா? திரும்பி வந்து செருகினால் கோப்புறைகளெல்லாம் ஒரே அளவான குறுக்குவழிச் சின்னங்களாக மாறியிருப்பதை இந்த ஊரில் பார்க்காதவர் குறைவு. அசல் கோப்புகள் மறைக்கப்பட்டிருக்கும். குறுக்குவழியைச் சொடுக்கியவுடன் தீநிரல் உங்கள் கணினிக்குத் தாவும். மின்டில் செருகினால் அசல் கோப்புகள் வெளிப்படையாகத் தெரியும், அந்தத் தீநிரல் அங்கே ஓடவும் மாட்டாது. எளிய வழி, கடிதத்தைப் பிடிஎப் ஆக்கிக் கடையின் வட்ஸ்அப்புக்கு அனுப்புவது. நகரிலுள்ள கடைகள் பல இப்போது அப்படித்தான் வாங்குகின்றன.

வங்கி வேலையைக் கைப்பேசிக்கு மாற்றலாமா என்றால், கைப்பேசியையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும். அன்ட்ரொயிட் அமைப்புகளில் பாதுகாப்புத் திருத்தத்தின் திகதி தனியாகக் காட்டப்படும். அது இரண்டு, மூன்று வருடம் பழையதென்றால் மடிக்கணினியை விட மோசமான நிலையில் இருக்கிறீர்கள். ஏழு ஆண்டு ஆதரவு என்ற வாக்குறுதி 2023 ஒக்டோபரில் கூகுளின் பிக்சல் 8உடனும், 2024 ஜனவரியில் சம்சுங்கின் எஸ்24உடனும் வந்தது. விலை குறைந்த கைப்பேசிகளுக்கு அத்தனை காலம் கிடைப்பதில்லை.

எப்படியும் வேறொரு கணினி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், ‘ஐ5’ என்ற சொல்லோடு பேரத்தை முடித்துவிடாதீர்கள். வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த மடிக்கணினிகள் இங்கே நல்ல விலைக்கு வருகின்றன, உடலும் உறுதி. ஆனால் அவற்றில் ஆறாம், ஏழாம் தலைமுறை நிறையவே கலந்திருக்கும். ஐ5க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள்: 7200யூ என்றால் உங்கள் வீட்டில் இருப்பதேதான், 8250யூ என்றால் எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11க்குத் தகுதி உண்டு, செயலியின் கருக்களும் (கோர்) இரண்டுக்குப் பதிலாக நான்கு. வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும். சில கடைகளில் ஏழாம் தலைமுறைக் கணினியிலேயே விண்டோஸ் 11ஐ ரூபஸால் போட்டுக் காட்சிக்கு வைத்திருப்பதால், திரையில் தெரிவதை நம்பாமல் அமைப்புகளில் செயலியின் எண்ணைத் திறந்து பார்த்தே பணத்தைக் கொடுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கணினி என்ற பெயரில் வரும் புதியவற்றுக்கு உங்கள் வீட்டில் இப்போதைக்கு வேலையில்லை. 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீத வற் வரியும் விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

பழையதை விலை போட்டு எடுப்பதாகச் சொன்ன கடைக்கு, ஒருவேளை நாளை கொடுக்க நேர்ந்தாலும் வன்தட்டோடு கொடுக்காதீர்கள். கோப்புகளை அழித்துவிட்டோம் என்று நினைத்துக் கொடுக்கும் தட்டுகளிலிருந்து குடும்பப் படங்களையும் சேமித்த கடவுச்சொற்களையும் இலவச மென்பொருளாலேயே மீட்டெடுக்க முடியும். எஸ்எஸ்டி மாற்றும்போது கழற்றும் தட்டைக் கேட்டு வாங்கி, யூஎஸ்பி உறையொன்றில் போட்டுக்கொள்ளுங்கள். சபையின் கடிதங்களையும் மகளின் செயற்றிட்டத்தையும் மாதத்துக்கு ஒருமுறை அதில் பிரதி எடுத்துவிட்டு, கணினியிலிருந்து கழற்றியே வைத்திருங்கள். செருகியபடியே விட்டால் வன்னாகிரை போன்ற ஒன்று வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.